"மூன்று மாதக் குட்டி" என்றால் முதலில் பல்லைப் பாருங்கள்

காப்பகத்தில் பூனைக்குட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது வயதில்தான். அட்டையில் "மூன்று மாதம், தடுப்பூசி முடிந்தது, பூச்சி மருந்து கொடுத்தாயிற்று" என்று இருக்கும். கைக்கு வருவதோ ஆறு வாரக் குட்டி. ஐந்தாம் நாள் வாந்தி, கழிச்சல். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், குடிக்காது. காப்பகத்துக்குப் போன் செய்தால், "இங்கிருந்து போகும்போது நன்றாகத்தானே இருந்தது?" என்பார்கள்.

நன்றாகத்தான் இருந்திருக்கும். பூனைப் பார்வோ எனப்படும் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய், தொற்றிய பிறகு 2 முதல் 10 நாள் வரை வெளியே தெரியாது. வந்த சில நாளிலேயே நோய் கண்டால், அது பெரும்பாலும் அங்கேயே ஒட்டியதுதான்.

தெருவில் கிடைத்த குட்டியின் பிறந்த நாள் யாருக்கும் தெரியாது, உண்மை. அப்படியானால் "உத்தேசமாக" என்று எழுத வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தும், இடம் போதவில்லை என்று வயதைக் கூட்டி எழுதுவதை மன்னிக்கவே முடியாது. ஏனென்றால் அந்தப் பொய் தடுப்பூசியையே வீணாக்குகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போடுகிறோம். மூன்று மாதம் என்றே வைத்துக்கொண்டாலும் "முடிந்தது" என்பது தவறு.

எடுக்கும்முன் எடை போடச் சொல்லுங்கள். நன்றாக வளரும் குட்டி மாதத்துக்குச் சுமார் 450 கிராம் ஏறும். எட்டு வாரத்தில் 900 கிராம், மூன்று மாதத்தில் 1.3 கிலோ அளவில் இருக்கும். பட்டினி கிடந்த குட்டியும் எடை குறைந்திருக்கும் என்பதால் உதட்டை விலக்கிப் பல்லையும் பாருங்கள். பின்பக்கத்துப் பால்பற்கள் அப்போதுதான் முளைக்கின்றன என்றால் ஆறு வாரத்தை ஒட்டிய வயது. முன்பற்கள் விழுந்து புதியவை வருவது மூன்றரை, நான்கு மாதத்தில். சயாமீஸ் போன்ற இனங்களைத் தவிர, கண் இன்னும் சாம்பல் நீலமாக இருந்தால் குட்டி மிகச் சிறியது.

பல்லைப் பார்க்கும்போதே ஈறையும் பாருங்கள். வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சியோ குடற்புழுவோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு அழுக்கு, காதோரமும் முன்காலிலும் வட்டமாக முடி கொட்டிய இடம் (படர்தாமரை, மனிதருக்கும் ஒட்டும்), கண்ணில் பீளையோடு தும்மல் ஆகியவற்றை "சாதாரணம்தான்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அந்தக் குட்டிக்கு அன்றைக்கே சிகிச்சை வேண்டும்.

அட்டையில் வெறும் தேதி போதாது. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சீட்டு, அதில் தொகுதி எண், காலாவதி நாள், பக்கத்தில் மருத்துவர் கையெழுத்து இருக்க வேண்டும். வெறிநோய் ஊசி வழக்கமாக 12 வாரத்துக்குப் பிறகே. ஆறு வாரக் குட்டியின் அட்டையில் அது இருந்தால் மற்ற வரிகளையும் நம்ப வேண்டாம். பூச்சி மருந்து எடைக்கு ஏற்பக் கொடுப்பது, ஒரு தடவையோடு தீராது.

முதல் இரண்டு வாரத்தில் நோய் கண்டால் செலவு யாருடையது, குட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், தனி மணல் தட்டு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாத குட்டியை மறுநாள் வரை வைத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பார்வோவில் குட்டி இறந்துபோனால், அந்த வைரஸ் வீட்டில் ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். சோப்பு அதைக் கொல்லாது, பினாயில் பூனைக்கே நஞ்சு. அழுக்கை முதலில் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சை 32 பங்கு தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். அதன் பிறகும், ஊசி முழுதாகப் போடாத இன்னொரு குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.