டேர், வென்ச்சர், பிரேவ்: மூணுக்கும் 'துணி'ன்னே போட்டா எப்படி?

இங்கிலீஷ்ல டேர் (dare)னா துணி, வென்ச்சர் (venture)னா துணி, பிரேவ் (brave)ங்குறது வினையா வந்தா அதுக்கும் துணிந்து எதிர்கொள்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தவங்கதான் நாம எல்லாரும். எழுத உக்காரும்போதுதான் எதை எங்க போடறதுன்னு முழிப்போம்.

புயல் நேரத்துல இங்கிலீஷ்ல வர்ற வானிலை எச்சரிக்கைய பாருங்க, மீனவர்கள் கடலுக்குள்ள வென்ச்சர் பண்ண வேண்டாம்னு இருக்கும், தமிழ்ல அது வெறும் "கடலுக்குச் செல்ல வேண்டாம்". ஆபத்து இருக்குற பக்கம் காலெடுத்து வைக்கிறது, அவ்வளவுதான் வென்ச்சர். அந்த இடத்துல "டோன்ட் யூ டேர்"னு போட்டா எச்சரிக்கை போய் "போய்த்தான் பாரேன்"ங்குற மிரட்டல் ஆயிடும்.

பிரேவுக்கு எதிர்ல ஒண்ணு நிக்கணும், மழை, குளிர், வெயில் இப்படி. தமிழ்ல இதுக்கு தனி வினையே வேணாம், ஒரு 'உம்' போதும்: கொட்டுற மழையிலயும் வரிசையில நின்னு ஓட்டு போட்டாங்க.

டேர்தான் பெரிய ஆளு. ஆச்சரியம் என்னன்னா பாதி இடத்துல இதுல வீரமே இருக்காது. "ஹௌ டேர் யூ"னா பாராட்டு இல்ல, "என்ன திமிர் இருந்தா"ன்னு கோவம். "ஐ டேர் யூ"னா கிணத்து மேட்டுல நின்னுக்கிட்டு பசங்க "முடிஞ்சா குதிடா பாப்போம்"னு உசுப்பேத்துறது. "ஐ டேர் சே"னா "அப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்", துணிச்சல் சுத்தமா கரைஞ்சு போச்சு. நேரடியான வீரம் வேணும்னா 1941ல ஆரம்பிச்ச பிரிட்டிஷ் ராணுவத்தோட எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையோட முழக்கம் இருக்கு, "ஹூ டேர்ஸ் வின்ஸ்", அதாவது துணிஞ்சவன் ஜெயிப்பான். நம்ம "துணிந்தவருக்குத் துக்கமில்லை" இதுக்கு பக்கத்துல வரும், ஆனா அது ஜெயிப்பேன்னு சொல்லல, கலங்க மாட்டேன்னுதான் சொல்லுது.

இலக்கணத்துலயும் டேர் ரெட்டை வேஷம். ஸ்கூல்ல "ஹி டேர் நாட் ஸ்பீக்"னு எழுதினேன், எஸ் எங்கன்னு சிவப்பு மையில சுழிச்சு மார்க்க குறைச்சாங்க, அது இன்னும் எனக்கு ஆறல, ஏன்னா நான் எழுதினது சரி. பழைய இங்கிலீஷ்ல இருந்தே கேன், ஷல் இதெல்லாம் இருக்குற குடும்பத்துல பொறந்தது டேர், ஹி கேன்ஸ்னு யாரும் சொல்றதில்லையே, அதே மாதிரிதான் துணைவினையா நிக்கும்போது இதுக்கும் எஸ் கிடையாது, டு-வும் கிடையாது. சாதா வினையா வந்தா "ஹி டஸ்ன்ட் டேர் டு ஸ்பீக்", ரெண்டும் செல்லும். பேச்சுக்கு ரெண்டாவதத்தான் நான் எடுப்பேன், முதல்ல சொன்னதுல கொஞ்சம் புத்தக வாசனை.

சரி, அந்த வாக்கியத்த தமிழ்ல எப்படி சொல்றது? "அவன் பேசத் துணியவில்லை"ன்னா இலக்கணம் சரி, ஆனா வீட்டுல எவனும் அப்படி பேச மாட்டான். "வாயத் திறக்கவே பயப்படுறான்", இதான் தமிழ்.