கைக்குவில்ட் தைக்க 14 அங்குல மர வளையம்: தேங்க்ஸ்கிவிங் வீட்டுக்குத் தோதுப்படுமா?

தேங்க்ஸ்கிவிங் விருந்து நாளான நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்க வீடுகளில் காலையிலேயே ஓவன் சூடாகிவிடும். 12 முதல் 14 பவுண்டு எடையுள்ள வான்கோழியை, வயிற்றில் எதுவும் அடைக்காமல், 325 டிகிரி பாரன்ஹீட்டில் வைத்தால் வேக 3 மணியிலிருந்து 3¾ மணி நேரம் ஆகும். முதல் இரண்டு மணி நேரம் கதவைத் திறக்க வேலையே இல்லை. திறக்கத் திறக்கச் சூடு வெளியேறும், சாப்பாடு தள்ளிப்போகும். வீட்டை விட்டு நகரவும் முடியாது, பெரிய வேலை எதையும் தொடவும் முடியாது என்ற இந்தப் பொழுதுக்குக் கைத்தையல்போல் பொருந்துவது வேறில்லை. ஆனால் மணி அடித்தவுடன் வைத்துவிட்டு எழும்படியான கருவி வேண்டும். குவில்ட் துணியைப் பிடித்துக்கொள்ளும் 14 அங்குல வட்ட மர வளையம் அதற்குச் சரியாக அமைகிறது. தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியவையும் வாங்கியபின் கெடுத்துக்கொள்ளக் கூடாதவையும் கொஞ்சம் இருக்கின்றன.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட். குவில்ட் என்றதும் அதை விரித்துப் பிடிக்கும் பெரிய தரைச் சட்டம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில், பழைய முறையில் எளிமையாக வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் வீடுகளில் அப்படிப்பட்ட சட்டத்தைச் சுற்றிப் பெண்கள் பலர் உட்கார்ந்து ஒரே போர்வையைத் தைப்பார்கள். அதற்கு அந்த அளவு கூடம் வேண்டும், நாள்கணக்கில் சட்டம் அங்கேயே நிற்கவும் வேண்டும். விருந்தாளி வரும் வீட்டில் சாப்பாட்டு மேசை நீட்டவே இடம் தேட வேண்டியிருக்கும். வளையத்தை மடியில் வைத்து, மேசை விளிம்பில் சாய்த்து, அடுப்படி நாற்காலியிலேயே தைக்கலாம்.

வாங்கும்போது முதலில் உள்வளையத்தை மட்டும் தனியாகக் கழற்றி, சமதளமான மேசையில் வையுங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடினால் மரம் முறுக்கியிருக்கிறது, அது வேண்டாம். குவில்ட் வளையம் எம்ப்ராய்டரி வளையத்தைவிடத் தடிமனாகவும் ஆழமாகவும் இருக்கும்; மூன்றடுக்குத் துணியைப் பிடிக்க அந்தக் கனம் தேவை. மெல்லிய எம்ப்ராய்டரி வளையத்தில் நடுப்பஞ்சோடு துணியை ஏற்றினால் திருகாணிப் பக்கம் வாய் பிளந்து எதிர்ப்பக்கம் நழுவும். திருகாணி நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் கம்பளிப் பஞ்சு வைத்த குவில்ட்டுக்கு வளையம் போதிய அளவு விரியாது. விரலை உள்விளிம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள். சிலாம்பு தட்டுப்பட்டால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்த பிறகே துணியை ஏற்ற வேண்டும். உள்வளையத்தில் அரை அங்குலப் பருத்தி நாடாவை நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும், மரச்சாயமும் துணியில் ஏறாது. பத்து நிமிட வேலை, தவற விடாதீர்கள்.

பிளாஸ்டிக் குழாய்களைச் சதுரமாகப் பூட்டி மேலே கவ்விகளால் அமுக்கும் சட்டமும் கிடைக்கிறது. கழற்றிப் பையில் போடலாம், மூலைகள் நன்றாகப் பிடிக்கும். ஊருக்குப் பயணம் போகிறவர்களுக்கு அது மேல். வீட்டுக்குள்ளேயே எழுந்து எழுந்து உட்காருகிறவர்களுக்கு வட்டம்தான் நல்லது, தையல் திசை மாறும்போது மடியிலேயே சுழற்றிக்கொள்ளலாம். 18 அங்குல வளையம் கவர்ச்சியாகத் தெரியும். அடியில் இருக்கும் கை நடுப்பகுதிக்கு எட்டாமல் தோள் வலிக்கும்.

பள்ளியில் எம்ப்ராய்டரி பழகிய நம் கைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: துணியைத் தட்டினால் மேளம்போல் ஒலிக்கும்படி இழுப்பது. குவில்ட்டில் அதை அடியோடு மறந்துவிட வேண்டும். விறைப்பாக இழுத்த துணியில் ஊசி மேலும் கீழும் ஆட முடியாது. ஒவ்வொரு தையலாகக் குத்தி எடுக்க வேண்டியதாகிவிடும், தையலும் பெரிதாகும். வளையத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து அமுக்கினால் துணி அரை அங்குலத்துக்கு மேல் குழிய வேண்டும். முதலில் வளையத்தை இறுக்கிப் பூட்டி, சுருக்கம் எதுவும் இல்லை என்று அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, பிறகு நடுவில் அமுக்கித் தளர்த்துவதே எளிய வழி.

அடுத்த தவறு, வேலையை நிறுத்தியபின் வளையத்தைப் பூட்டியே வைப்பது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போவதற்குக் கழற்ற வேண்டாம். இரவு முழுக்க விட்டால் வட்ட மடிப்பு விழும். வெளிர்நிறத் துணியில் கைபட்ட அழுக்கு அந்த மடிப்பில் படிந்து, துவைத்தாலும் நிழல்போல் தெரியும். கடைசி விருந்தாளி வாசல் கடந்ததும் நட்டைத் தளர்த்தி எடுத்துவிடுங்கள்.

இனி என்ன தைப்பது? நான்கு நாள் விடுமுறையில் கட்டில் போர்வை வேண்டாம். 14 அங்குல அகலம், 42 அங்குல நீளத்தில் மேசை விரிப்பு ஒன்று அளவாக இருக்கும். அதைத் தொடங்கினால் வளையத்தின் குறை ஒன்று உடனே தெரியும்: விரிப்பின் ஓரங்களை அதனால் பிடிக்க முடியாது. நடுப்பகுதி மட்டும் வளையத்துக்குள் அழகாக நிற்கும், ஓரம் அரைவட்டமாகத் தொங்கும். ஆகவே அடித்துணியையும் பஞ்சையும் எல்லாப் பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அதுவும் போதாத இடத்தில் பழைய பருத்தித் துணியை 6 அங்குலப் பட்டைகளாகக் கிழித்து விளிம்போடு நூலோட்டிச் சேர்த்தால் வளையம் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். தையல் முடிந்ததும் பிரித்துவிடலாம், அடுத்த விரிப்புக்கும் உதவும்.

செலவு செய்ய வேண்டியது வளையத்தில் அல்ல, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பில். கைத்தையலின் சுகமும் வேதனையும் அங்கேதான் இருக்கின்றன. சில பருத்திப் பஞ்சுகளில் இழை பிரியாமலிருக்க ஸ்கிரிம் எனப்படும் மெல்லிய வலையை உள்ளே சேர்த்திருப்பார்கள். இயந்திரத் தையலுக்கு அது நல்லது. 10 அங்குல இடைவெளி விட்டுத் தைத்தாலும் பஞ்சு திரளாது. கை ஊசிக்கு அந்த வலை ஒவ்வொரு குத்திலும் தடை. ஹாப்ஸ் ஹெயர்லூம் 80/20 போன்ற பஞ்சில் 80 பங்கு பருத்தி, 20 பங்கு பாலியெஸ்டர். ஊசி இழுபறி இல்லாமல் போகும், தையல் வரிகளுக்கிடையே 4 அங்குலம் வரை விடலாம், துவைத்தால் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் பழைய குவில்ட்டுகளின் மெல்லிய நெளிவைத் தருகிறது. ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இருப்பது கம்பளிப் பஞ்சில். விலை அதிகம், பூச்சியிலிருந்து காக்கவும் வேண்டும். மேசை விரிப்புக்கு மட்டும் முழுப் பருத்திப் பஞ்சே என் தேர்வு. ஓவனிலிருந்து இறங்கும் பாத்திரத்தை யாராவது அவசரத்தில் அதன்மேல் வைத்துவிடுவார்கள், பாலியெஸ்டர் சூட்டில் இளகும். பருத்தியானாலும் விரிப்பு சூடுதாங்கிப் பலகை ஆகாது. மேசையின் மெருகைக் காக்க மரப்பலகை ஒன்று கட்டாயம் வேண்டும்.

உறைந்த வான்கோழி ஃப்ரிட்ஜில் இளக 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். 14 பவுண்டு என்றால் ஞாயிற்றுக்கிழமையே உறைபெட்டியிலிருந்து இறக்கியாக வேண்டும். அதே ஞாயிறு அடுக்குப் போடுவதற்கும் உகந்த நாள், மேசை காலியாக இருக்கும். அடித்துணியின் நல்ல பக்கத்தைக் கீழே வைத்து, மூலைகளை ஒட்டுநாடாவால் மேசையில் ஒட்டி, பஞ்சையும் மேல்துணியையும் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 4 அங்குலத்துக்கு ஒரு வரி நூலோட்டுங்கள். பின்னூசி குத்தினால் வளையம் அவற்றின்மேல் ஏறாது; கைத்தையலுக்கு நூலோட்டம்தான் சரி. தைப்பதும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து வந்தால் அடித்துணி நடுவில் சேர்ந்து மடிப்பாகிவிடும். மேலே எதுவும் தெரியாது. வளையத்தைக் கழற்றித் திருப்பும்போதுதான் தெரியும். அப்புறம் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

ஊசி ‘பிட்வீன்’ எனப்படும் குட்டை வகையாக இருக்கட்டும். எண் ஏற ஏற ஊசி குட்டையாகும், மெலியும்; தொடங்குகிறவர்களுக்கு 9 அல்லது 10, கை பழகியபின் 11, 12. நீளமான சாதாரண ஊசி இந்த ஆட்டத்தில் வளைந்துவிடும். நூல், மெழுகுப் பளபளப்புள்ள பருத்திக் கைக்குவில்ட் நூல். அதைத் தையல் இயந்திரத்தில் போடாதீர்கள், பூச்சு உரிந்து இழுவிசைத் தட்டுகளில் படியும். ஒரு முழம் நூல் போதும். அதற்கு மேல் நீண்டால் துணிக்குள் போய்வரும்போதே தேய்ந்து பிசிறடிக்கும். அந்த ஒரு முழத்தில் 10 முதல் 12 அங்குலத் தையல் வரும். நூல் தீரும் இடத்தில் எழுந்து ஓவனின் வெப்பமானியைப் பார்த்துவிட்டு வரலாம். பத்து ஊசிகளை முன்கூட்டியே நூற்கண்டு நூலில் கோத்து வரிசையாகத் தள்ளி வைத்துக்கொண்டால், வேண்டும்போது ஒன்றை உருவி ஒரு முழம் வெட்டினால் ஆயிற்று. வெங்காயம் நறுக்கிக் கண் கரிக்கும்போது ஊசிக்காதைத் தேட வேண்டியதில்லை.

தையலைக் கிட்டத்தில் பார்ப்போம். நூல்முனையில் சிறு முடிச்சு. தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேலேயே ஊசியை இறக்கி, அடித்துணியைத் தொடாமல் பஞ்சுக்குள்ளேயே நடத்தி, தொடங்கும் புள்ளியில் எடுத்து மெல்லச் சுண்டினால் ‘டப்’ என்று முடிச்சு உள்ளே போய்விடும். மேல்கையின் நடுவிரலில் திம்பிள், அதாவது ஊசியைத் தள்ளும் விரல்மூடி. ஊசியைச் செங்குத்தாக இறக்கும்போது, அடியில் காத்திருக்கும் விரல்நுனியை முனை தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் ஊசிக்காதைத் திம்பிளால் துணிமேல் சாய்க்க, அடிவிரல் கீழிருந்து சிறு மேடு எழுப்ப, கட்டைவிரல் முன்னால் துணியை அமுக்க, முனை மேலே எட்டிப் பார்க்கும். மறுபடி நிமிர்த்தி இறக்கி, மூன்று நான்கு தையல் ஊசியில் சேர்ந்தபின் ஒரே இழுப்பு. அங்குலத்துக்கு மேற்பக்கம் 6 தையல் வந்தாலே நன்று, 8 வந்தால் அருமை. சிறிதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதுதான் கண்ணுக்கு இதம். தையற்சேர்க்கையின் மடிப்பு விழும் பக்கத்தில் கால் அங்குலம் தள்ளியே கோடு போடுங்கள், கனத்தில் குத்தினால் தையல் தானே பெருக்கும். அடிவிரலில் குத்தி ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த நீர். வெந்நீர் கறையை நிலைக்க வைத்துவிடும்.

கோடு வரையும் பேனாவில் எச்சரிக்கை தேவை. இஸ்திரிச் சூட்டில் மறையும் மை உண்மையில் போவதில்லை, நிறம் மட்டும் மறைகிறது. கடுங்குளிரில் அது திரும்பி வரும்; மினசோட்டா டிசம்பரில் கார் டிக்கியில் இரவு கிடந்த பரிசுக் குவில்ட்டில் கோடுகள் அத்தனையும் எழுந்து நிற்கும். நீரில் கரையும் நீல மைக்கு நேர் எதிரான விதி: கழுவும் முன் இஸ்திரி படவே கூடாது. இரண்டும் வேண்டாமென்றால் தையற்சுண்ணம், வளையத்துக்குள் வரும் அளவுக்கு மட்டும் அவ்வப்போது வரைந்துகொள்ளலாம்.

சமையலும் ஊசியும் ஒரே அறையில் இருந்தால் விதி கறாராக இருக்க வேண்டும். பச்சை வான்கோழியைத் தொட்ட கையைச் சோப்பால் 20 வினாடி கழுவி, நன்றாகத் துடைத்த பிறகே துணி. தொடங்கும்போது எத்தனை ஊசி, முடிக்கும்போது எத்தனை என்று எண்ணுங்கள். காந்தக் கிண்ணம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். சோபாவில் தொலைந்த 10-ம் எண் ஊசியை விருந்துக்கு வந்த குழந்தைதான் கண்டுபிடிக்கும். 12 அவுன்ஸ் கிரான்பெர்ரி, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சும் சாஸ் வெடித்துத் தெறிக்கும். அதைப் புதன்கிழமையே முடித்துவிடுங்கள், வளையம் வெளியே வருவதற்கு முன். நவம்பரில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியபின் வடகிழக்கு மாநிலங்களில் நாலரை மணிக்கே இருட்டும். வலக்கைக்காரர்களுக்கு விளக்கு இடப்பக்கம் வேண்டும், இல்லாவிட்டால் கையின் நிழல் சரியாக ஊசிமுனையில் விழும்.

வெப்பமானி தொடையின் உட்பகுதியிலும் மார்பின் தடித்த இடத்திலும் 165 டிகிரி காட்டினால் வான்கோழி வெந்தாயிற்று. வெட்டும் முன் 20 நிமிடமாவது ஆற வேண்டும். மீதமிருக்கும் ஒரு முழம் நூலை அதற்குள் தைத்து முடித்து, முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்துவிட்டு, வளையத்தைக் கழற்றி விரிப்பை மேசையிலிருந்து தள்ளி வைத்துவிடலாம். அது மேசையேறுவது ஓரப்பட்டை அடித்தபின், கிறிஸ்துமஸுக்கு. அப்போது கிரேவி சிந்தினால் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கறைமேல் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துவையுங்கள். கிரான்பெர்ரி என்றால் துணியின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரைப் பாய்ச்ச வேண்டும். கறை முழுக்கப் போகும்வரை உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள்.