பூல் முதல் வேமத் வரை: கரையை ஒட்டியா, விலகியா?

இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுக வாயிலிலிருந்து வேமத்துக்கு ஏறக்குறைய 25 கடல் மைல். பாய்மரப் படகில் 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஆடி அசைந்து போனாலும் ஐந்து மணி நேரம்தான். சிக்கல் முழுவதும் நடுவழியில் நிற்கும் செயின்ட் ஆல்பன்ஸ் முனையில் இருக்கிறது.

100 மீட்டருக்கு மேல் உயரமான பாறை அது. உச்சியில் ஒரு பழைய தேவாலயம். பாறை கரையோடு முடிவதில்லை. நம் மீனவர்கள் பார் என்பார்களே, அப்படித் தண்ணீருக்கடியில் தென்மேற்கே மூன்று நான்கு மைல் நீள்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் நீரோட்டம் அதன்மேல் ஏறி இறங்கும்போது கடல் கொதிக்கும். மேற்கே ஓடும் நீரைத்தான் பிடித்துப் போகிறோம். அங்கே வழக்கமாக வீசுவதோ தென்மேற்குக் காற்று. இரண்டும் மோதினால் அலை செங்குத்தாக எழும்.

கரையை ஒட்டிய வழி, கொதிக்கும் நீருக்கும் பாறைக்கும் நடுவே அரை மைல்கூட இல்லாத சந்து. வெயில் நாளில் அதுபோல் இன்பம் வேறில்லை. பாறையில் கூடு கட்டிய பறவைகளின் சத்தம் கேட்கும். இடப்பக்கம் நீர் நுரைக்க, நம் பக்கம் குளம்போல் கிடக்கும். ஆனால் கண் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். நண்டு, லாப்ஸ்டர் பிடிக்கக் கடலடியில் போட்ட கூடுகளின் மிதவைகளை நீரோட்டம் பாதி மூழ்கடித்து வைத்திருக்கும். போன ஆகஸ்டில் ஒன்றை ஐந்தடி தூரத்தில்தான் பார்த்தேன். கையிலிருந்த டீயைப் போட்டுவிட்டுச் சுக்கானைத் திருப்பினேன். கயிறு புரொப்பெல்லரில் சுற்றியிருந்தால் அந்தச் சந்தில் என்ன செய்திருப்பேனோ!

விலகிய வழியில் பாரையே சுற்றிக்கொண்டு போகலாம். அரை மணியோ ஒரு மணியோ கூடும். கரை வெறும் கோடாகத் தெரியும்; சலிப்புதான். ஆனால் தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ காற்று பலத்தால் அந்தச் சந்து சந்தாகவே இருக்காது. அப்போது இதுதான் வழி, இரண்டாம் பேச்சே இல்லை.

லல்வொர்த் ராணுவச் சுடுதளம் இன்னொரு கணக்கு. அதன் எல்லை கடலுக்குள் பல மைல் போகிறது. சுடும் நாளில் காவல் படகு வந்து ரேடியோவில் விலகச் சொல்லும். ஒட்டிப் போவோருக்குத்தான் சுற்று அதிகம். ஆகஸ்டில் பெரும்பாலும் சுடுவதில்லை. அப்புறம் ஒட்டிப் போனால் மட்டுமே லல்வொர்த் கோவ் என்ற சிறு விரிகுடாவில் நங்கூரமிட்டு மதியச் சாப்பாடு வாய்க்கும். அங்கே நங்கூரம் அவ்வளவாகப் பிடிக்காது, இரவு தங்க வேண்டாம்.

என் ஓட்டு: காற்று வடக்கிலிருந்து மெல்ல வீசினால் ஒட்டி, சந்தேகம் வந்தால் ஆன்வில் பாயின்ட் கலங்கரை விளக்கம் தாண்டும்போதே விலகி. முனைக்கு அருகே போய் மனசு மாற்றுவது ஆகாது.

எந்த வழியில் போனாலும் வேமத்தில் கோடைக்கூட்டம்தான். பாலத்துக்கு உள்ளே இருக்கும் மரினாவுக்கு, அதாவது படகு நிறுத்துமிடத்துக்குப் போக, கோடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலம் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். வெளியே கஸ்டம் ஹவுஸ் கீ என்ற படகுத்துறையில் படகோடு படகு கட்டுவார்கள். நான்காவது படகு நம்முடையது என்றால், மற்ற மூன்றின் முன்தளத்தின் வழியே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கரையேற வேண்டும்.