ஒரே டப்பா, இரண்டு உடம்பு: சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரையோடு ஒன்றரை வருஷம்

எனக்குக் கேட்டது, என் ஓரகத்திக்குக் கேட்கவில்லை. ஒரே கம்பெனி மாத்திரை (ஐசோஃப்ளேவோன் என்பது சோயாவில் இருக்கும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி லேசாக வேலை செய்யும் பொருள்), மேற்கு மாம்பலத்தில் ஒரே வீட்டுச் சமையல். எனக்கு 49, அவளுக்கு 47. இருவருக்கும் பீரியட்ஸ் தாறுமாறாகி, திடீர் திடீரென்று உடம்பு கொதிக்க ஆரம்பித்த நேரம். "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா?" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

சென்னையில் இந்த மாத்திரையின் பலனை எடைபோடுவதே பெரும்பாடு. கத்திரி வெயிலில் கரண்ட் போன ராத்திரி வேர்ப்பது ஹார்மோனாலா, ஊராலா? ஹாட் ஃப்ளஷ் என்கிற அந்தக் கொதிப்பு நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று ஏறும்; சில நிமிஷத்தில் அடங்கி, பின்னாலேயே லேசாகக் குளிரும். நான் ஆகஸ்டில் ஆரம்பித்ததால் மார்கழியில் சந்தேகமில்லாமல் பார்க்க முடிந்தது. விடிகாலையில் புடவை நனைந்து எழுவது வெகுவாகக் குறைந்திருந்தது, தூக்கமும் தேவலை. மூட்டு வலியும் எரிச்சலும் அப்படியே. பிறப்புறுப்பு வறட்சிக்குத் துளியும் பயனில்லை. மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லாதீர்கள், இது மெதுவாக வேலை செய்கிற சமாச்சாரம்.

என்ன வித்தியாசம் என்று தேடியதில் கிடைத்த விஷயம்தான் எனக்குச் சுவாரஸ்யம். சோயாவில் இருக்கும் டெய்ட்ஸீன் என்ற ஐசோஃப்ளேவோனைக் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் ஈக்வால் என்ற பொருளாக மாற்றுகின்றன. செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகளில், குறிப்பாக 1996இல் கண்டறியப்பட்ட பீட்டா வகையில், டெய்ட்ஸீனைவிட ஈக்வால் பலமாக ஒட்டும். 1932இல் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள், பெயரிலேயே குதிரை இருக்கிறது (லத்தீனில் 'ஈக்வஸ்' என்றால் குதிரை). மனிதர்களிடம் அது இருப்பது தெரிய 1982 ஆனது. எல்லார் குடலிலும் அந்தக் கிருமிகள் கிடையாது. ஜப்பானில் பாதிப்பேருக்குக் கொஞ்சம் மேல், மேற்கு நாடுகளில் 25 முதல் 30 சதவீதம் பேர்தான் ஈக்வால் தயாரிப்பவர்கள். உறை மோர் இல்லாத பால் எத்தனை நேரம் வைத்தாலும் தயிராகாது, அதுபோலத்தான். ஓரகத்திக்கு உறை இல்லையோ என்னவோ, இருவருமே பரிசோதித்துப் பார்க்கவில்லை. ஈக்வால் தயாரிக்கிறவர்களுக்குப் பலன் நிச்சயம் என்றும் ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை.

நடுவில் பல் வைத்தியத்துக்காக ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். அதன்பின் சில வாரம் ராத்திரி வேர்வை திரும்பியது. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் இதே கதை ஆளி விதையிலும் உண்டு: அதில் இருக்கும், ஈஸ்ட்ரோஜன் சாயல் கொண்ட லிக்னான் என்ற பொருள்களையும் குடல் பாக்டீரியாதான் என்டரோலாக்டோன் என்ற பொருளாக மாற்ற வேண்டும். ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களின் ரத்தத்தில் அது குறைந்திருப்பதை பின்லாந்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆளி விதையைப் பொடித்துச் சாப்பிடுங்கள். முழுசாக விழுங்கினால் பாதி அப்படியே வெளியே போகும்.

லேபிளையும் கவனியுங்கள். ஐசோஃப்ளேவோன் செடியில் சர்க்கரை மூலக்கூறு ஒட்டியே இருக்கும்; அந்த வடிவத்தில் 80 மி.கி. என்று போட்டிருந்தால், சர்க்கரை நீங்கியபின் மிஞ்சுவது சுமார் 50 மி.கி. எதை எண்ணுகிறார்கள் என்று நான் முதலில் வாங்கிய டப்பாவில் இல்லவே இல்லை. கடைக்காரர் "ஹெர்பல்தானே மேடம்" என்றார்! வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் மீல் மேக்கர் குருமா வேறு, அதிலும் ஐசோஃப்ளேவோன் உண்டு.

பொதுவாக மூலிகை என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். சிவப்பு க்ளோவர் என்ற தீவனச் செடியில் இருப்பதும் ஐசோஃப்ளேவோன்தான், சோயாவின் உறவு. பிளாக் கோஹோஷ் என்ற அமெரிக்க மூலிகை ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்வதாகவே தெளிவில்லை, கல்லீரல் பாதிப்புப் புகார்களால் ஆஸ்திரேலியாவில் அதன் லேபிளில் எச்சரிக்கை கட்டாயம். மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் தண்ணீர்விட்டான் கிழங்கு வேறு கதை. அது பலித்த மாமி சோயாவுக்குச் சாட்சி ஆக மாட்டார்.

வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்தாலே ஹாட் ஃப்ளஷ் கணிசமாகக் குறைவது ஆய்வுகளில் வழக்கம், காலப்போக்கில் தானாகவும் தணியும். என் பலனில் அந்தப் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023இல் சோயாவைப் பரிந்துரைக்கவில்லை. தெரிந்தே தொடர்கிறேன், ஏனென்றால் தூங்குகிறேன்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், சோயா அதை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அதற்கான டமாக்ஸிஃபென் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். 2004இல் வெளியான இத்தாலிய ஆய்வில் தினம் 150 மி.கி. வீதம் ஐந்து வருஷம் எடுத்தவர்களில் சிலருக்குக் கருப்பை உட்சுவர் தடித்தது. பீரியட்ஸ் நின்றபின் சொட்டு ரத்தம் பட்டாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போய்க் காட்டுங்கள்.

ஓரகத்தி நாலு மாதத்தோடு நிறுத்திவிட்டாள். மகப்பேறு மருத்துவரிடம் போய் ஹார்மோன் இல்லாத வேறு மருந்து வாங்கிவந்தாள், அது அவளுக்குக் கேட்கிறது. மிச்சமிருந்த அவள் டப்பாவை நான்தான் தீர்த்தேன்.