யாவரும் நலம் முதலில், ஈரம் அப்புறம்

நல்ல தமிழ்ப் பேய்ப்படம் ஒன்று சொல்லு என்று யார் கேட்டாலும் நான் 2009-க்குத்தான் போவேன். அந்த வருஷம் மார்ச்சில் யாவரும் நலம் வந்தது, செப்டம்பரில் ஈரம் வந்தது. 2011-ல் காஞ்சனா ஓடிய ஓட்டத்துக்கு அப்புறம் பேய் என்றாலே கூடவே காமெடியும் வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால், சிரிக்க வைக்கும் எண்ணமே இல்லாமல் பயமுறுத்த மட்டும் எடுத்த இரண்டு படங்கள் ஒரே வருஷத்தில் வந்திருக்கின்றன. ரெண்டுமே அடுக்குமாடிக் குடியிருப்பில் நடப்பவை வேறு.

போன மாதம் கோபிசெட்டிபாளையம் பக்கம் மாமாவின் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், உறவுக்காரப் பிள்ளைகள் எல்லாம் கூடியபோது, ஒரு ராத்திரிக்கு ஒரே படம்தான் என்று ஆனது. ரெண்டில் எது என்று முடிவு பண்ணும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாவரும் நலம் போட்டேன். ஈரம்தான் போட்டிருக்கணும் என்று மாமா பையன் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நடிப்பு, கேமரா பற்றி நீட்ட வேண்டியதில்லை. யாவரும் நலத்தில் மாதவன் நடிப்பு, பி.சி.ஸ்ரீராம் கேமரா. ஈரத்தில் ஆதி, நந்தா, சிந்து மேனன் நடிப்பு, மனோஜ் பரமஹம்சா கேமரா. ரெண்டு பக்கமும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஈரத்தின் பலம் தண்ணீர். குளியல் தொட்டியில் மூழ்கிச் செத்துப்போன ஒரு பெண், அந்த வழக்கை விசாரிக்க வரும் போலீஸ் அதிகாரி ஒரு காலத்தில் அவளைக் காதலித்தவன், அதற்கப்புறம் அந்தக் குடியிருப்பில் தண்ணீர் வரும் இடமெல்லாம் பயம். இயக்குநர் அறிவழகனுக்கு இது முதல் படம் என்று நம்பவே முடியாது, அவ்வளவு கட்டுக்கோப்பு. பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் விடாமல் அடிக்கும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் படத்துக்கு வெளியேயும் அதே சத்தம் கேட்கும், அதற்கு ஈடே கிடையாது. ஆனால் அந்த நாட்களில் தாராபுரம், காங்கேயம் பக்கம் வெறும் காற்றுத்தான், மழை எட்டிப் பார்க்காது. அங்கே உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கூடுதல் பலம் கிடைக்காது. ஒன்று சொல்லிவிடுகிறேன், ஈரத்தை நான் தியேட்டரில் பார்த்ததில்லை, பெரிய திரையில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்பதைப் பார்த்தவர்கள்தான் சொல்லணும்.

சரி, இப்போது என் முடிவுக்குக் காரணமான விஷயம். பேய்ப்படத்தை நான் இரண்டாம் தடவை பார்த்துத்தான் எடைபோடுவேன். முதல் தடவை திடுக்கிட வைப்பது பெரிய வேலையே இல்லை, சத்தத்தைச் சட்டென்று ஏற்றினால் யாரும் துள்ளத்தான் செய்வார்கள். முடிச்சு தெரிந்த பிறகும் வயிற்றைப் பிசைகிறதா என்பதுதான் கேள்வி. வீட்டில் கும்பலாகப் பார்க்கும்போது இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பாதிப்பேர் ஏற்கெனவே பார்த்தவர்களாக இருப்பார்கள்.

ஈரத்தில் பாதிக்கு மேல் போனதும் நாம் அந்தப் பெண்ணின் பக்கம் வந்துவிடுகிறோம். அவளுக்கு நியாயம் கிடைக்கணும் என்று மனசு கேட்க ஆரம்பித்தால் பயம் அங்கேயே கழன்றுவிடுகிறது, துக்கம்தான் மிஞ்சுகிறது. இரண்டாம் தடவை பார்க்கும்போது முதல் காட்சியிலிருந்தே அந்தத் துக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அக்கம்பக்கத்துப் பேச்சு ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொன்ன விதத்தில் அது அருமையான படம், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் ராத்திரி பயப்படத்தான் எல்லோரும் கூடியிருக்கிறார்கள்.

யாவரும் நலம் நேர் எதிர். பதின்மூன்றாம் மாடியில் 13பி வீட்டுக்கு ஒரு கூட்டுக்குடும்பம் குடிவருகிறது. மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது, வேறு யாராவது கூட ஏறினால் நகரும். பூஜை அறையில் சாமி படம் மாட்ட ஆணி அடிக்க முடியாது. பால் திரிந்துபோகும். புது வீட்டில் பால் பொங்கினால்தான் குடும்பம் தழைக்கும் என்று நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிற நம் ஊரில், அந்தத் திரிந்த பால் ஒன்றே போதும், பெரியவர்கள் முகம் மாறிவிடும். அப்புறம் மத்தியானம் ஒரு மணிக்கு டிவியில் ஒரு சீரியல். அந்தக் குடும்பத்தில் நடப்பதெல்லாம் இந்தக் குடும்பத்திலும் நடக்க ஆரம்பிக்கிறது. பங்களா இல்லை, சுடுகாடு இல்லை, நடு மத்தியானம், வெளிச்சமான கூடம், சாப்பாட்டுக்கு அப்புறம் பெண்கள் உட்கார்ந்து பார்க்கும் நாடகம். எங்கள் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில் அந்த நேரத்தில் டிவி ஓடாத நாளே கிடையாது.

முடிவு தெரிந்தவன் மறுபடி பார்க்கும்போது என்ன ஆகிறது என்றால், ஆரம்பத்தில் சும்மா கடந்துபோன குடும்பக் காட்சிகள் எல்லாம் கனக்க ஆரம்பிக்கின்றன. அண்ணன், தம்பி, அம்மா, குழந்தைகள் என்று சிரித்துக்கொண்டு சாப்பிடும் இடம் முதல் தடவை வெறும் அறிமுகம். இரண்டாம் தடவை அதைப் பார்க்க முடியவில்லை, இந்தச் சிரிப்புக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்தே பார்க்கிறோம் இல்லையா. இந்த இடத்தில் விக்ரம் குமார் எழுதிய திரைக்கதை ஈரத்தை விட ஒரு படி மேலே நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சாளையில் அன்றைக்கு முதன்முதலாகப் பார்த்த பிள்ளைகளை விட, ஏற்கெனவே பார்த்திருந்த அத்தைதான் அதிகம் பயந்தார்கள்.

ஒரு குறையும் உண்டு. பாட்டு வரும் இடங்களில் படம் தளர்கிறது, தள்ளிவிட்டுப் போகலாம்.

ரெண்டையும் பார்த்து முடித்தவர்களுக்கு பிட்சா, 2012. அந்த டார்ச் வெளிச்சக் காட்சிக்காகவே பார்க்கலாம், ஆனால் நான் சொன்ன இரண்டாம் தடவைக் கணக்கில் அது தேறாது, விஷயம் தெரிந்துவிட்டால் அது வேறு படம். நயன்தாரா நடித்த மாயாவை (2015) ஒரே தடவை, அதுவும் போனில் பார்த்தேன், அதனால் வரிசையில் எங்கே வைப்பது என்று சொல்ல மாட்டேன். மலையாளம் புரியும் என்றால் பூதகாலம் (2022), ரேவதிக்காக.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரெண்டுமே வேண்டாம். ஈரம்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் கோபி, ஈரோடு பக்கமாக இருந்தால் ஐப்பசி மழை பிடிக்கும் வரை பொறுத்திருந்து போடுங்கள். கும்பல் வேண்டாம், ரெண்டு மூன்று பேர் போதும். ஸ்பீக்கர் மட்டும் நல்லதாக இருக்கட்டும்.