கத்திரி வெயிலில் மின்சாரக் கார்: கூரைக்குச் செலவா, சார்ஜுக்குக் கட்டுப்பாடா?

கரூர், ஈரோடு பக்கம் சித்திரை வைகாசியில் 40 டிகிரி என்பது சாதாரணம். மின்சாரக் கார் வந்து இறங்கியதும் பல வீடுகளில் முதலில் கூப்பிடுவது ஷெட் போடுகிறவரைத்தான். ஷெட் நல்லதுதான். ஆனால் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், காசு கேட்காத வழிக்கே என் ஓட்டு: வண்டி எத்தனை சதவீத சார்ஜில் நிற்கிறது என்று பார்ப்பது.

கூரை விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கவர் பெயின்ட்டைத்தான் காக்கும்; ஓடி வந்த சூட்டோடு போர்த்தினால் அந்தச் சூடு இறங்க இன்னும் நேரமாகும். வேப்பமர நிழல் அருமை, ஆனால் 12 மணிக்கு இருந்த நிழல் 3 மணிக்கு இருக்காது. தென்னங்கீத்துப் பந்தல் எல்லாவற்றையும்விடக் குளுமை. ஆனால் எலி குடியேறும், வயரைக் கடிக்கும். அதன் கீழே சார்ஜ் போடுவதும் சரியில்லை, தீப்பொறி பட்டால் கீத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். மிச்சம் தகர ஷீட்டும் பச்சை வலையும்.

தகரத்தை 8 அடியில் போட்டால் மத்தியானம் அதுவே அடுப்பு. 11, 12 அடிக்கு ஏற்றி, நான்கு பக்கமும் திறந்துவிட்டு, மேலே வெள்ளை அடித்தால்தான் பலன். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளைப் பாருங்கள்: நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கும், சாய்வெயில் உள்ளே அடிக்காது. கார் ஷெட்டுக்கும் அதே கணக்குத்தான். இடம் இடிக்கிறதென்றால் மேற்குப் பக்கம் மட்டுமாவது ஒரு வலை தொங்கவிடுங்கள். வெயிலில் முக்கால் பங்கைத் தடுக்கும் 75 சதவீத வலை போதும். மலிவு, காற்றோட்டமும் உண்டு. அதன் வினை ஆடிக் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் வலையைக் கம்பியில் அடித்து அடித்து ஓரத்தைக் கிழித்துவிடும். மாசிக் கடைசியில் கட்டி, வைகாசி முடியும்போது அவிழ்த்துச் சுருட்டி வைத்தால் பல கோடைக்கு வரும்.

இனி முக்கியமான விஷயம். பேட்டரி இருப்பது தரைக்கு மேல், இருக்கைக்குக் கீழ். 45 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி என்றால் 300 கிலோவை ஒட்டி இருக்கும். சூடேறவும் நேரமாகும், இறங்கவும் நேரமாகும். கூரை போட்டாலும் காற்றே 40 டிகிரி என்றால் பேட்டரியும் மெல்ல அந்தப் பக்கம்தான் போகும். நம் கையில் இருப்பது சார்ஜ் அளவு ஒன்றுதான். பேட்டரி என்பது பல செல்களின் அடுக்கு. அதில் நிக்கல் கலந்த செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்டில் நிற்கும், 80 சதவீதத்தில் சுமார் 4 வோல்ட். உச்ச வோல்ட்டில் நிற்கும்போது செல்லுக்குள் இருக்கும் திரவம் சிதைவது கூடும், சூடு அதை இன்னும் விரட்டும். இந்த இரண்டும் சேர்வதுதான் கேடு. 100 சதவீதம் ஏற்றியதும் ஓட்டக் கிளம்பிவிட்டால் பெரிய கவலையில்லை. 100 சதவீதத்தில் மூன்று நாள் வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் ஆயுளைக் குறைக்கும்.

ஆகவே தினசரிக்கு 80. சார்ஜ் முடிகிற நேரம் கிளம்புகிற நேரத்தை ஒட்டி இருக்கட்டும். 15 ஆம்பியர் பிளக்கில் 45 யூனிட் பேட்டரியை 20-இல் இருந்து 80-க்குக் கொண்டுவர 27 யூனிட் வேண்டும்; இழப்பு போக மணிக்கு 3 யூனிட் ஏறினால் 9 மணி நேரம். காலை 6-க்குக் கிளம்ப இரவு 9-க்குத் தொடங்கினால் போதும். பகல் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவுடன் சொருகாமல் இருப்பதால் பேட்டரியும் அதற்குள் கொஞ்சம் ஆறியிருக்கும். உங்கள் வண்டியில் 80-இல் நிறுத்தும் வசதி இல்லையென்றால் இந்தக் கணக்கை வைத்துக் கையால் அணைத்துவிடுங்கள். மலிவு டைமர் பிளக் மட்டும் வேண்டாம். மணிக்கணக்கில் 13, 14 ஆம்பியர் ஓடினால் அதன் பித்தளைக் கால் சூடாகிச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகும்.

நெக்ஸான் ஈவி போல இரும்பு பாஸ்பேட் பேட்டரி உள்ள வண்டிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த செல்லின் வோல்ட் இடைப்பட்ட சார்ஜ் முழுக்க ஒரே மட்டத்தில் கிடப்பதால், மீட்டர் கணக்குத் தவறாமலிருக்க அவ்வப்போது 100 தொட்டாக வேண்டும். எத்தனை நாளுக்கொரு முறை என்பதற்கு வண்டியோடு வரும் புத்தகம்தான் தீர்ப்பு. அந்த 100-ஐ நீண்ட ஓட்டம் இருக்கும் காலையில் தொடுங்கள், வண்டியை வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போகும் முந்தின இரவில் அல்ல. ஸ்கூட்டருக்கும் 80 கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் கழற்றக்கூடிய பேட்டரியை வீட்டுக்குள் நிழலில் வைப்பது அதைவிட எளிது.

இரண்டு மூன்று வாரம் வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் 50 சதவீதத்தில் விட்டுப் போங்கள். 10-இல் விட்டால் திரும்பி வருவதற்குள் அடியோடு இறங்கிவிடக்கூடும். இதில் பலர் மறப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரியை. பெரிய பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தாலும் சின்னது செத்தால் ரிமோட்டுக்குக் கதவுகூடத் திறக்காது. திரும்பி வந்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்: 12.4-க்கு மேல் இருந்தால் சரி, 12-க்குக் கீழே என்றால் முதலில் அதைத் தனிச் சார்ஜரில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.