5600ஜி-யா, 5600-ஆ?

குறைந்த பணத்தில் முதல் கேமிங் கம்ப்யூட்டரை நாமே கட்டுவதென்றால், ஏஎம்டி-யின் ரைசன் 5 5600ஜி, 5600 என்ற இரண்டு ப்ராசசரில் எது என்ற கேள்வி வரும். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். அதே ஏஎம்4 மதர்போர்டு, டிடிஆர்4 ரேம்.

5600ஜி-க்குள்ளேயே வேகா கிராபிக்ஸ் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே வேலரண்ட் கேம் ஆடலாம். ஒரே 16 ஜிபி ரேம் மட்டும் வேண்டாம், இரண்டு 8 ஜிபி போடுங்கள். உள் கிராபிக்ஸுக்கு அந்த ரேம்தான் மெமரி. இரண்டு ரேமும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனல் இல்லாவிட்டால், நொடிக்கு வரும் ஃப்ரேம் நன்றாகவே குறையும்.

5600-இல் கார்டு போடாமல் திரையில் படமே வராது. ஆனால் எல்3 கேஷ், அதாவது ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி, 32 எம்பி, ஜி-யில் 16தான். கார்டை இணைக்கும் பிசிஐஇ-யும் 4.0, ஜி-யில் வேகம் குறைந்த 3.0. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நாலே லேன் (டேட்டா போகும் பாதை) உள்ள கார்டுக்கு இது பெரிய வித்தியாசம்.

கார்டுக்கு இப்போதே காசு இருந்தால் யோசிக்காமல் 5600. இல்லையா, சரி, 5600ஜி வாங்குங்கள். அப்புறம் கார்டு சேர்க்கலாம்.